தோப்பு வீட்டுச் சொந்தங்கள்: மூணாவது கோயில்

வியாழன்

பிரபு: வண்டி திரும்ப மிஸ்ஸிங். வடலூருக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினேன், கேப்பர் மலை ஏத்தத்துல தூக்கித் தூக்கிப் போடுது. இன்ஜின் லைட் வேற மினுக்குது. பாதியில திரும்பிட்டேன்

ரம்யா: அண்ணா ஞாயித்துக்கிழமை காதுகுத்து 😭

விக்கி: மறுபடியுமா

விக்கி: ஆடியில ஒரு தடவ, தீபாவளிக்கு ஒரு தடவ, இப்ப தை

கலா அத்தை: சீர்த் தட்டு 21 ரெடி. எந்த வண்டில ஏத்துறதுன்னு சொல்லுங்க

நெய்வேலி சித்தப்பா: பிரபு, லைட் நின்னு எரிஞ்சா மெதுவா வீடு வந்து சேரலாம். மினுக்கினா உடனே கால எடுத்துடணும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காய வச்சுடும், அது உருகிட்டா செலவு பெருசு. உன்னுது மூணு சிலிண்டர் வண்டி. ஒண்ணு படுத்தா மூணுல ஒரு பங்கு போச்சு, அதான் அந்த ஆட்டம். ஸ்கேனர்ல என்ன நம்பர்? எனக்கு மூணாவது கோயில் மேலதான் சந்தேகம். கோயில மாத்திப் பாத்தா பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

கலா அத்தை: எந்தக் கோயில மாத்துறீங்க?? பத்திரிகைல திருவந்திபுரம்னு அடிச்சாச்சு

கலா அத்தை: தம்பி உனக்கு எல்லாத்துலயும் குறுக்க பேசணும்

விக்கி: 🤣🤣🤣

ரம்யா: அத்தை அது இக்னிஷன் காயில், பிளக்குல பொறி வர கரன்ட் குடுக்கறது. சித்தப்பா வாயால சொல்லி டைப் பண்றாரு

கலா அத்தை: மொட்டை அங்கதானே?

ரம்யா: அங்கதான் அத்தை

பிரபு: பி 0303 சித்தப்பா. போன தடவையும் அதே நம்பர். ரெண்டு தடவ காயில் மாத்தியாச்சு, ஒரு தடவ மூணு பிளக்கும் புதுசு

விக்கி: மச்சான் பாண்டி வந்து பெட்ரோல் போடு, சரியாயிடும். ரேட்டும் கம்மி

நெய்வேலி சித்தப்பா: பெட்ரோல் கோளாறுன்னா மூணு சிலிண்டரும் சேர்ந்து மிஸ் ஆகும், பி 0300 காட்டும். டர்போ ஹோஸ்ல காத்து லீக்னாலும் அப்படித்தான். இது மூணாவதை மட்டும் கை காட்டுது. பிரபு, ஐடில்ல நல்லா நிக்குதா?

பிரபு: நிக்குது. சில்வர் பீச் வரைக்கும் போனா ஒண்ணும் தெரியல. ஏத்தத்துல மிதிச்சாதான்

நெய்வேலி சித்தப்பா: அதேதான். சமரோட்டுல டர்போவுக்கு வேலை இல்ல. ஏத்தத்துல மிதிச்சா காத்தை அடைச்சு உள்ள தள்ளும். அந்த அழுத்தத்துல பிளக் இடைவெளியைத் தாண்ட பொறிக்கு வோல்ட்டேஜ் அதிகம் வேணும். கோயில் கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் அங்கதான் மாட்டிக்கும். அதனாலதான் டர்போ வண்டிக்கு பிளக் கேப் சின்னதா வைப்பாங்க, பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர். நீ மாத்தின பிளக் எந்தக் கேப்?

பிரபு: கடைல குடுத்தத போட்டேன்

நெய்வேலி சித்தப்பா: 🤦 நாளைக்குக் காலைல மூணாவது கோயில ஒண்ணாவதுல போடு, ஒண்ணாவதை மூணுல போடு. ஸ்கேனர்ல அந்த நம்பரை அழிச்சுட்டு அதே ஏத்தம் ஏறு. லைட் மினுக்கின உடனே இறங்கிடு, இழுக்காத. பி 0301 வந்தா கோயில். 0303 லயே நின்னா அடுத்தது பிளக், அப்புறம் இன்ஜெக்டர், கடைசியா கம்ப்ரெஷன்.

கலா அத்தை: ஒண்ணாவது கோயில்ல சாமி யாரு 😄

ரம்யா: அத்தை 😂😂

முரளி: மாமா, டிபன் எத்தனை பேருக்குச் சொல்ல? 80 போதுமா

நெய்வேலி சித்தப்பா: 80 பத்தாது மாப்ள. வடலூர்க்காரங்களே 15

கலா அத்தை: வடலூருக்குத்தான் இன்னும் பத்திரிகையே போகலயே

பிரபு: நாளைக்குப் பஸ்ல போறேன் அத்தை

வெள்ளி

பிரபு: பி 0301 😳

பிரபு: காயில் கூடவே நம்பரும் வந்துடுச்சு

விக்கி: அப்ப புதுசு ஒண்ணு போட்டு முடி

நெய்வேலி சித்தப்பா: விக்கி, அதத்தான் ரெண்டு தடவ பண்ணியாச்சே. காயில் போச்சுன்றது தெரிஞ்சிடுச்சு, மூணாவது இடத்துல மட்டும் ஏன் போகுது? காயில் இறங்குற அந்தப் பிளக் குழியை யாராச்சும் எட்டிப் பாத்தாங்களா? பிரபு, டார்ச் அடிச்சுப் பாத்து போட்டோ போடு. காயில் அடி ரப்பரையும் எடு.

ரம்யா: சித்தப்பா இப்ப காயில்னு வருது 👏

நெய்வேலி சித்தப்பா: கண்ணாடி போட்டு கையால அடிக்கிறேன். உங்க அத்தைக்காக

பிரபு: 📷 போட்டோ

பிரபு: ஸ்குரூ டிரைவர்ல டிஷ்யூ சுத்தி விட்டேன். கருப்பா நனைஞ்சு வருது. ரப்பர் அடி உப்பி, நகத்தால அமுக்கினா பள்ளம் விழுது. மத்த ரெண்டும் டைட்டா இருக்கு

நெய்வேலி சித்தப்பா: முகர்ந்து பாரு

பிரபு: ஆயில்

நெய்வேலி சித்தப்பா: டாப்பெட் கவர் கேஸ்கட்டு, அதான் இன்ஜின் மேல் மூடிக்கு அடியில வர்ற சீல். பிளக் குழி சீல் போயிருக்கு. ஆயில் இறங்கி ரப்பர் ஊறி, கரன்ட் பிளக் நுனிக்குப் போகாம குழிச் சுவருக்குக் குதிக்குது. எத்தனை காயில் போட்டாலும் ஊறிப் போகும். சர்வீஸ்ல கம்ப்யூட்டர் சொன்ன பார்ட்டை மட்டும் மாத்தி பில் போட்டிருக்காங்க, குழில ஒரு டிஷ்யூ விட்டிருந்தா ஆடிலயே தெரிஞ்சிருக்கும்.

பிரபு: கனெக்டர் பின்லயும் பச்சையா இருக்கு

நெய்வேலி சித்தப்பா: தேவனாம்பட்டினத்துல ஷெட் இல்லாம நிறுத்தினா உப்புக்காத்து சும்மா விடுமா? இல்ல தண்ணி ஏதாவது பட்டுதா?

விக்கி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபு: டேய் என்ன டிலீட் பண்ண

விக்கி: ஒண்ணுமில்ல

முரளி: நான் பாத்துட்டேன் 😄 தீபாவளிக்கு இவன்தான் பிரஷர் கன்னால இன்ஜின்ல தண்ணி அடிச்சானாம்

பிரபு: மாப்ள!!!

விக்கி: பளபளன்னு இருக்கட்டும்னு... ஆடியில போனதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல

நெய்வேலி சித்தப்பா: அது சரி. ஆயில் பழைய கதை, பச்சை வேணா உன் கைங்கரியம்.

கலா அத்தை: எம்புள்ளையச் சொல்லாதீங்க. 2011ல தானே புயல்ல முந்திரி எல்லாம் சாஞ்சப்ப தோப்பை வித்துடலாம்னு குதிச்சது யாரு? வித்த காசு கார்ல ஓடுது. எனக்கு வந்தது என்னன்னு யாராச்சும் கேட்டீங்களா

முரளி: 80ஆ 100ஆ

ரம்யா: 100 சொல்லிடுங்க

பிரபு: அத்தை, கார் லோன்ல வாங்கினது. இன்னும் 19 மாசம் பாக்கி

கலா அத்தை: நான் யாரு பேரையும் சொல்லலயே

நெய்வேலி சித்தப்பா: அக்கா, அதை ஞாயித்துக்கிழமை நேர்ல பேசலாம். பிரபு, பிளக்கைக் கழட்டறதுக்கு முன்னாடி குழில இருக்கற ஆயிலை முழுசா எடுத்துடு, இல்லன்னா சிலிண்டருக்குள்ள இறங்கும். பழைய ரப்பரைத் திரும்பப் போடாத. கவர் போல்ட்டை நடுவுல இருந்து வெளிய பாத்து கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணச் சொல்லு, முரட்டு முறுக்கு முறுக்கினா கவர் வளைஞ்சு திரும்ப ஒழுகும்.

பிரபு: கடலூர்ல கேஸ்கட் இல்லயாம். பாண்டில கேக்கச் சொல்றான்

விக்கி: நான் பாக்கறேன். மாடல் வருஷம்?

பிரபு: ஆர்சி போட்டோ உனக்குத் தனியா அனுப்பறேன். சேஸி நம்பர் சொன்னாதான் சரியானது தருவான்

ரம்யா: ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெடியாகுமா? தாய்மாமன் மடியிலதான் உக்காரணும், அண்ணா ஆட்டோல வந்தாலும் பரவால்ல

கலா அத்தை: தாய்மாமன் ஆட்டோல வந்து இறங்கினா முரளி வீட்டுல என்ன நினைப்பாங்க

முரளி: ஒண்ணும் நினைக்க மாட்டாங்க அத்தை

கலா அத்தை: நீங்க அப்படித்தான் சொல்வீங்க

நெய்வேலி சித்தப்பா: தட்டு என் வண்டில 12 ஏறும். மீதி குட்டி யானைல போகட்டும்

பிரபு: நாளைக்கு மதியம் தெரிஞ்சிடும் சித்தப்பா

ரம்யா: 🎤 குரல் செய்தி 0:47 ஆயா பேசுறாங்க, கேளுங்க

விக்கி: ஆயா பாதி என்னைத் திட்டுது

பிரபு: மீதி என்னை

கலா அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். மல்லி எத்தனை முழம்னு இன்னும் யாரும் சொல்லல