பொருள்: மறுவெளியீட்டு விதிகளில் ‘டெரிவேட்டிவ்’: தழுவலா, வழிப்படைப்பா?

> செய்தித் தளங்களின் மறுவெளியீட்டு விதிகளில் வரும் ‘நோ டெரிவேட்டிவ்ஸ்’ என்பதைத் ‘தழுவல் கூடாது’ என்று எழுதினால் போதாதா?

வணக்கம் ஐயா,

போதாது என்றே நினைக்கிறேன். மூலப் படைப்பை மாற்றியோ சுருக்கியோ மொழிபெயர்த்தோ உருவாக்குவது எல்லாமே ‘டெரிவேட்டிவ்’தான். தழுவல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஊரையும் பேரையும் மாற்றி எழுதிய கதைதான். வரிக்கு வரி மொழிபெயர்த்ததை யாரும் தழுவல் என்பதில்லை. ஆகவே ‘தழுவல் கூடாது’ என்று படிப்பவர், மொழிபெயர்ப்புக்குத் தடையில்லை என்று எண்ணி வெளியிட்டுவிடுவார். புரோபப்ளிகா, தி கான்வர்சேஷன் என்ற இரண்டு செய்தித் தளங்களும் தம் கட்டுரைகளை, சில நிபந்தனைகளோடு, கேட்காமலே மறுவெளியீடு செய்ய விடுகின்றன. ஆனால் இரண்டின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் (படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொது உரிமம்) இந்த ‘நோ டெரிவேட்டிவ்ஸ்’ தடை உண்டு. தமிழாக்கி வெளியிடத் தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நானே ஒரு கட்டுரையை முழுக்க மொழிபெயர்த்த பிறகுதான் உரிமத்தைப் படித்தேன்.

என் பரிந்துரை ‘வழிப்படைப்பு’. தொல்காப்பிய மரபியல் வழிநூலை, அதாவது முதல்நூலைப் பின்பற்றி எழுதும் நூலை, நான்காக வகுக்கிறது: தொகுத்தல் (சுருக்குதல்), விரித்தல், தொகைவிரி (சுருக்கியும் விரித்தும் எழுதுதல்), மொழிபெயர்த்தல். சுருக்குவதும் மொழிபெயர்ப்பதும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. நமக்கு வேண்டியதும் அதுதானே! ‘நூல்’ என்பதைப் ‘படைப்பு’ என்று மாற்றினால் படமும் வரைபடமும்கூடச் சேரும். வேதியியலின் ‘வழிப்பொருள்’, கணிதத்தின் ‘வகைக்கெழு’ இரண்டோடும் குழப்பம் வராது.

சில வரிகளை மேற்கோளாகக் காட்டுவதற்கு ‘எடுத்தாளல்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. முழுக் கட்டுரைக்கு மட்டும் ‘மறுவெளியீடு’ என்போம். ‘மீள்பதிவு’ வேண்டாம், வலைப்பதிவர்கள் தங்கள் பழைய இடுகையைத் திரும்பப் போடுவதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்புறம், ‘நன்றி: இன்ன இதழ்’ என்று கீழே போட்டால் போதும் என்ற பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அது மூலத்தைக் குறிப்பிடுவது மட்டுமே, அனுமதி ஆகாது. எழுதியவரின் உழைப்பு அது. கேட்டு வாங்குவதுதான் முறை. கலைச்சொல் பட்டியலில் மூலத்தைக் குறிப்பிடுதல், அனுமதி இவ்விரண்டும் தனித்தனிப் பதிவுகளாக வர வேண்டும்.

விதியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“இக்கட்டுரையை மாற்றாமல் மறுவெளியீடு செய்யலாம். மொழிபெயர்ப்பு உள்ளிட்ட வழிப்படைப்புகளுக்குத் தனி இசைவு பெற வேண்டும்.”

இங்கே ‘இசைவு’ என்று போட்டிருக்கிறேன். ‘அனுமதி’தான் எல்லாருக்கும் பழகிய சொல் என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். ‘வழிப்படைப்பு’ குறித்துச் சட்டத் தமிழ் அறிந்தவர்கள் யாரேனும் சொன்னால் நல்லது.