முதியோர் கொடுமை ஆய்வு: 5%, 14%, 21% – எதை வைத்து மாதிரி அளவு போடுவது?

சமூகப்பணி_மாணவி:
கிராமங்களில் 60 வயது கடந்தவர்களிடம் ஆய்வு. லாசி (இந்தியா முழுவதும் முதியோரிடம் நடந்த பெரிய கணக்கெடுப்பு, 2017-18) கணக்கில், முந்தைய ஓராண்டில் மோசமாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் 5% தான். 2005-இல் வெளிவந்த சென்னை ஆய்வில் 14%, 2014-இல் வந்த தமிழ்நாட்டுக் கிராம ஆய்வில் 21%. மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரிடம் கேட்பது என்று கணக்கிட எதை எடுக்கலாம்?

புள்ளியியல்காரன்:
லாசியை இதற்கு எடுக்காதீங்க. உடல்நலம், வருமானம், வேலை என்று நீளும் கேள்வித்தாளில் இது ஒரு ஓரம். "மோசமா நடத்துறாங்களா?" என்று பொதுவாகக் கேட்டால், "பிள்ளைங்க நல்லாத்தான் பாத்துக்கிறாங்க" என்றுதான் பதில் வரும். சென்னை ஆய்வும் (400 பேர்) கிராம ஆய்வும் (902 பேர்) இதற்கென்றே நடந்தவை. 28 நாடுகளின் 52 ஆய்வுகளைத் தொகுத்த 2017 கட்டுரையும் 15.7% என்கிறது. 14% வையுங்க. 95% நம்பகம், ±5% பிழை என்றால் 186 பேர். ஊர்வாரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஊர்க்காரர்களின் பதில்கள் ஒத்துப்போகும், அதனால் இருமடங்கு, 372. 10% பேர் மறுப்பார்கள் என்று சேர்த்தால் சுமார் 415. ஆனால் சொத்துப் பறிப்பு, அடி என்று வகைவகையாகப் பிரித்துச் சொல்ல இது பத்தாது.

முதியோர்நல_செவிலி:
மாதிரி அளவை விட வரையறைதான் காலை வாரும். 1988 பாஸ்டன் ஆய்வு, ஓராண்டில் பத்து முறையாவது திட்டு வாங்கியிருந்தால்தான் சொல்வன்முறை என்று எண்ணியது. நீங்கள் ஒரே முறையை எண்ணினால் சதவீதம் எகிறும். எத்தனை முறை என்று தனியாகப் பதிவு செய்துவிட்டால், பிறகு எந்த வரம்பிலும் கணக்கிடலாம்.

'கொடுமை' என்ற சொல்லே கேள்வியில் வேண்டாம். "ஓ.ஏ.பி. (முதியோர் உதவித்தொகை) பணம் வந்ததும் யார் கையில போகுது?", "மாத்திரை தீர்ந்தா யார் வாங்கித் தருவாங்க, எத்தனை நாள் ஆகும்?" என்று கேளுங்க.

சமூகப்பணி_மாணவி:
மருமகள் கூடவே உட்கார்ந்தால்?

முதியோர்நல_செவிலி:
இரண்டு பேராகப் போங்க. ஒருவர் மருமகளிடம் குடும்ப விவரப் படிவத்தை நிரப்பட்டும், மற்றவர் பெரியவரைத் திண்ணைக்கோ கோயில் பக்கமோ அழைத்துப் போகட்டும். யாரும் நகரவில்லை என்றால் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, 'தனிமை கிடைக்கவில்லை' என்று குறியுங்க. 'இல்லை' என்று போட்டுவிட்டால் தரவு கெட்டது. வீட்டில் விட்டுவரும் தாளில் தலைப்பு 'முதியோர் உடல்நலம்' என்றே இருக்கட்டும், ஒப்புதலின்போது மட்டும் முழு விஷயத்தையும் பெரியவரிடம் தனியாக விளக்குங்க. 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் காது கேட்கும்படி சொல்லிக்கொடுங்க, எழுதித் தர வேண்டாம்.

புள்ளியியல்காரன்:
இன்னொன்று: மறதி நோய் முற்றியவர்களைப் பெரும்பாலான ஆய்வுகள் விலக்கிவிடுகின்றன. ஆபத்து அதிகம் அவர்களுக்குத்தான். எத்தனை பேரை, எந்தச் சோதனையில், எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே விலக்கினீர்கள் என்று கட்டாயம் எழுதுங்க.