இயேசுவை மேசியாவென்று ஏற்ற யூதருக்கு இஸ்ரேல் குடியுரிமை கிடைக்குமா?

யூத விசுவாசிகளைப் பார்த்தவுடன் நம் சபை ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "நீங்க இஸ்ரேல்லயே போய் செட்டில் ஆகிடலாமே?" அவர்கள் முகம் சுருங்கும். ஏன் என்பதற்குச் சட்டம் தெரிய வேண்டும். யூதர்கள் இஸ்ரேலில் குடியேற உரிமை தருகிற, 1950-இல் வந்த திரும்பிவரும் உரிமைச் சட்டம், யூதர் என்றால் யார் என்று சொல்லவே இல்லை. 1970 திருத்தம்தான் சொன்னது: யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூத மதத்துக்கு மாறியவர், வேறு மதத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. கூடவே, யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை, அவர்களுடைய கணவன் மனைவி வரை உரிமையை நீட்டியது. யூதராக இருந்து தானே விரும்பி மதம் மாறியவருக்கு மட்டும் கிடையாது.

*

அந்தத் திருத்தத்துக்கு முன்னாலேயே பிரதர் டேனியல் வழக்கு வந்துவிட்டது. போலந்து யூதர், பிறப்புப் பெயர் ஆஸ்வால்ட் ரூஃபைசன். 1942-இல் மீர் நகரத்தில் ஜெர்மன் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டே, கெட்டோவை, அதாவது யூதரை அடைத்துவைத்திருந்த பகுதியை, அழிக்கப் போகிற தேதியை உள்ளே சொல்லி நூற்றுக்கணக்கானோரைத் தப்ப வைத்தவர். கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது ஞானஸ்நானம் பெற்று, பிறகு கார்மல் சபைத் துறவியானார். யூதர் என்ற உரிமையில் இஸ்ரேல் குடியுரிமை கேட்டார்; 1962-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ரபீக்கள் என்கிற யூத மதகுருக்களின் சட்டப்படி அவர் யூதர்தான் என்பதை நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இது நாட்டுச் சட்டம், சாதாரண யூதன் ஒரு கத்தோலிக்கத் துறவியை யூதன் என்று சொல்லமாட்டான் என்றார்கள். பின்னால் சாதாரணக் குடியேறிகளுக்கான வழியில்தான் குடியுரிமை வாங்கினார்.

இயேசுவை ஏற்ற பெரஸ்ஃபோர்ட் தம்பதியின் வழக்கில் வந்த 1989 தீர்ப்பு இன்னும் கடினம். ஓய்வுநாளை ஆசரிக்கிறோம், எந்தச் சபையிலும் சேரவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. மேசியானிக் யூதர், அதாவது இயேசுவை மேசியாவாக ஏற்ற யூதர், வேறு மதத்தவர் என்று முடித்துவிட்டார்கள்.

*

மேலே சொன்ன இரண்டு தீர்ப்புகளோடு உச்ச நீதிமன்றத்தின் 2008 ஏப்ரல் தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் பாதிதான் தெரியும். அப்பா மட்டும் யூதர், அம்மா இல்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அவர் யூதராக இருந்ததே இல்லை. அப்படியானால் "மதம் மாறியவர்" என்ற விலக்கு அவரை எப்படித் தொடும்? அதனால் யூதரின் பிள்ளை என்ற கணக்கில் மேசியானிக் விசுவாசிக்கும் உரிமை உண்டு. தாய்வழி முழு யூதருக்குக் கதவு அடைப்பு, தகப்பன்வழி அரை யூதருக்குத் திறப்பு! கேட்பவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் நிலைமை இதுதான்.

எனவே யாராவது விசாரித்தால் முதலில் தாயின் தாய் யார் என்று பார்க்க வேண்டும். பிறகுதான் காகிதம்: அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கிற அத்தாட்சி) பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியின் கெத்துபா என்கிற திருமண ஒப்பந்தம், ரபீயின் கடிதம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேசியானிக் சபையின் "ரபீ" கொடுத்த கடிதம் செல்லாது; அதுவே விண்ணப்பதாரர் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். மதத்தை மறைத்து எழுதலாமா என்று சிலர் யோசிப்பார்கள். பொய்த் தகவலில் வாங்கிய குடியுரிமையைப் பின்னால் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

*

புனிதப் பயணம் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே சுவிசேஷம் பேசுவது குற்றமில்லை. ஆனால் 1977 சட்டப்படி, மதம் மாறுவதற்காகப் பணமோ பொருளோ கொடுத்தால் 5 வருஷம் வரை சிறை, வாங்குகிறவருக்கு 3 வருஷம் வரை. கைப்பிரதியோடு அன்பளிப்புப் பையையும் சேர்த்து நீட்டுகிற நம்ம ஊர்ப் பழக்கத்தை விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே விட்டுவிடுங்கள்.