பொருள்: ‘குறைந்தபட்ச இணைப்பு நேரம்’ – இதைவிட நல்ல சொல் வேண்டும்

நாகர்கோவிலிலிருந்து:

நண்பர்களே, பயணச் சொற்பட்டியலில் ‘லேஓவர்’ (நடுவழியில் அடுத்த விமானம் வரை உள்ள நேரம்) என்பதற்கு ‘இடைத்தங்கல்’ என்று போட்டிருக்கிறோம். பொருந்தவில்லை. பன்னாட்டுப் பயணத்தில் நடுவழி ஊரில் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது ‘ஸ்டாப்ஓவர்’. தங்கல் என்ற சொல் அதற்கே உரியது. திருவனந்தபுரத்தில் ஏறி, தோகாவில் ஒன்றரை மணி நேரத்தில் லண்டன் விமானத்துக்கு மாறுகிறவர் எங்கும் தங்குவதில்லை. ‘இடைநேரம்’ போதும்.

அடுத்தது ‘மினிமம் கனெக்டிங் டைம்’, அதாவது ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததைப் பிடிக்கக் குறைந்தது இவ்வளவு நேரம் வேண்டும் என்று வைத்திருக்கும் அளவு. ‘குறைந்தபட்ச இணைப்பு நேரம்’ என்றால் யார் எதை இணைக்கிறார் என்றே விளங்காது. நாகர்கோவில் சந்திப்பில் வண்டி மாறுகிறோமே, அதை வைத்து ‘மாறுநேரம்’ எனலாமா?

தக்கலையிலிருந்து:

அண்ணாச்சி, இடைநேரம் சரி. ‘மாறுநேரம்’ வேண்டாம். விமானம் புறப்படும் நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் காதில் விழும். நம் ஊரில் ‘அடுத்த பிளைட்ட பிடிக்க நேரம் இருக்கா?’ என்றுதானே கேட்கிறார்கள்? ‘பிடிநேரம்’ என்று வைப்போம்.

இரண்டு சொற்களும் தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும். டிக்கெட்டில் தெரியும் இடைநேரம் 75 நிமிடம் என்று வையுங்கள். புறப்படுவதற்கு 15 முதல் 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள், 55தான் மிச்சம். டிக்கெட்டில் உள்ள வருகை நேரம் விமானம் வந்து நிற்கும் நேரம். கதவு திறந்து, பின்வரிசைக்காரர் வெளியே வர 15 நிமிடம் போகும். விமானம் தொலைவில் நின்று பேருந்தில் கூட்டிப்போனால் இன்னும் 10. பல நிலையங்களில் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. பையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் அங்கே தனியாக நிறுத்துவார்கள். அதற்கு 15 போனால், கேட்டுக்கு நடக்க 15 நிமிடம்தான். முதல் விமானம் அரைமணி தாமதமானாலே கதை முடிந்தது.

பிடிநேரம் ஒரே எண் அல்ல. விமான நிலையம், முனையம், விமான நிறுவனம், வெளிநாட்டிலிருந்து உள்நாட்டுக்கா அல்லது வெளிநாட்டுக்கேயா என்பதைப் பொறுத்து மாறும். அதற்குக் குறைவான இடைநேரம் உள்ள இரண்டு விமானங்களை ஒரே டிக்கெட்டாக முன்பதிவு அமைப்பு பொதுவாக விற்காது. ஆனாலும் அது ஓரளவு இறுக்கிப் போட்ட கணக்கு. வயதானவர்களுக்கும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் போதாது. வரையறையில் இதை எழுதியே ஆக வேண்டும்.

குளச்சலிலிருந்து:

பிடிநேரத்துக்கு என் ஆதரவு. ஒரு திருத்தம் மட்டும்: அது ஒரே முன்பதிவில் உள்ள பயணத்துக்குத்தான் என்று சேருங்கள். அப்படியானால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டவரை அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவென்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் அவர் வராத பயணி. அந்த டிக்கெட்டில் உள்ள திரும்புபயணமும் ரத்தாகலாம். இதற்குத் ‘தனிச்சீட்டு மாற்றம்’ என்று வேறு சொல் வைப்போம். குறைந்தது நான்கு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள்.

வளைகுடாவிலிருந்து மும்பை வழியாகத் திருவனந்தபுரம் வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் பெரும்பாலும் மும்பையிலேயே குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, திரும்பக் கொடுக்க வேண்டும். ஏறும் ஊரிலேயே கவுண்டரில் ‘பெட்டி எதுவரை போகும்?’ என்று கேட்டு, ஒட்டிய சீட்டில் உள்ள ஊர்க்குறியீட்டையும் பார்த்துக்கொள்ளட்டும்.