ஒருவரே எழுதி, இயக்கி, தயாரித்தால்: டர்பன் டிவி வேலை அனுபவங்கள்

திரி தொடங்கியவர், டர்பன்

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் பக்கம், எழுத்து, இயக்கம், தயாரிப்பு மூன்றையும் ஒருவரே சுமக்கும் டிவி வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள். எங்கே சிக்கியது, எப்படி அவிழ்ந்தது? யார் பெயரும் வேண்டாம், விவரம் போதும்.

வசனம் எழுதுபவர், சாட்ஸ்வர்த்

முதல் சிக்கல் நீளத்தில் வரும். நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியில் அரை மணி நேர இடம் என்றால் விளம்பரம் போகப் படம் 24 நிமிடம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கில ஸ்கிரிப்டுக்கு ஓரளவு சரி. தமிழ் வசனம் உள்ள ஸ்கிரிப்டுக்கு அது உதவாது. இங்கே நடிக்க வருபவர்களில் பலர் தமிழை ரோமன் எழுத்தில்தான் படிப்பார்கள். அதனால் ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழ் எழுத்து, ரோமன் எழுத்து, ஆங்கிலப் பொருள் என்று மூன்று வரி போட வேண்டியிருக்கிறது. பக்கம் வீங்கிவிடும். ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு காட்சியின் தலையிலும் நிமிடமும் நொடியும் எழுதுங்கள். கூட்டிப் பார்த்தால் 22 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீதி இரண்டை மௌனமும் நடையும் கதவு திறப்பதும் தின்றுவிடும்.

ரோமன் எழுத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பள்ளியும் பல்லியும் அதில் ஒரே மாதிரிதான் தெரியும். மனமும் மணமும் அப்படியே. "பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கான்" என்று அம்மா உருக்கமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் பல்லி வந்து நின்றால் அந்த டேக் வீண். ளகரத்துக்கும் ணகரத்துக்கும் பெரிய எழுத்து போடுவது பாதி மருந்து. முழு மருந்து ஒலிப்பதிவு. தமிழ் நன்றாகப் பேசும் பெரியவர் ஒருவரைக் காட்சிக்கு ஒரு ஃபைலாகப் பேசவைத்து, ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். முதல் நாள் இரவு அனுப்பினால் நடிகர் வசனத்தைத்தான் மனப்பாடம் செய்வார், பேச்சு ஓசை வராது.

தமிழில் எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று தயங்குபவர்கள் 'முவ்ஹாங்கோ' தொடரைப் பாருங்கள். டூமா இன்ட்லோவு உருவாக்கியது, 1997இல் எஸ்ஏபிசி 2இல் வந்தது. வெண்டா இங்கே சிறிய மொழிதான். அதை மையமாக வைத்துக்கொண்டே சப்டைட்டிலோடு நாடு முழுக்கப் போனது. ஆனால் சப்டைட்டிலைக் கடைசியில் ஒட்டும் வேலையாக நினைக்கக் கூடாது. இரண்டு வரி, வரிக்கு ஏறக்குறைய 40 எழுத்து, அவ்வளவுதான் இடம். வசனம் எழுதும்போதே ஆங்கில வரியையும் அந்த அளவுக்குள் எழுதிப் பாருங்கள். அடங்காவிட்டால் பெரும்பாலும் வசனம்தான் நீளம்.

உதவி இயக்குநர், வெருலம்

அண்ணா சொன்ன நீளம் செட்டில் எப்படிக் கடிக்கும் என்று சொல்கிறேன். பக்கத்தை எட்டுப் பங்காகப் பிரித்துத்தான் அட்டவணை போடுவோம். ஒரே கேமரா, பத்து மணி நேர நாள் என்றால் ஐந்து, ஆறு பக்கம் நியாயம். இயக்குநரே எழுத்தாளராக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வசனம் வளர ஆரம்பிக்கும். தயாரிப்பாளரும் அவரே என்பதால் "போதும்" என்று சொல்ல ஆள் இல்லை. அந்த அதிகாரத்தை எழுத்தில் உதவி இயக்குநருக்கோ அன்றாடச் செலவையும் வேலையையும் பார்க்கும் லைன் புரொட்யூசருக்கோ கொடுத்துவிட்டவர்கள்தான் நேரத்துக்கு முடிக்கிறார்கள்.

ஸ்கிரிப்டைப் பூட்டிய பிறகு காட்சி எண் மாறவே கூடாது. 12க்குப் பின் புதுக் காட்சி வந்தால் 12ஏ. ஒன்றை எடுத்துவிட்டால் எண்ணை அப்படியே விட்டு 'நீக்கம்' என்று எழுதுங்கள். எண்ணை மாற்றினால் கிளாப்பில் ஒன்று, ஒலிக்காரர் தாளில் ஒன்று, எடிட்டிங்கில் மூன்று நாள் தேடல்.

ஜூன் இங்கே குளிர்காலம். டர்பனில் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்தான் சூரியன் எழும், மாலை ஐந்தைத் தாண்டியதும் இறங்கிவிடும். வெளிக்காட்சிகளைக் கோடைக்கணக்கில் போடாதீர்கள். கோடையில் ஏசி காரிலிருந்து லென்ஸை எடுத்தவுடன் ஈரம் படியும். பையை மூடியபடியே வெளியே வைத்து அரை மணி நேரமாவது விடுங்கள்.

எடிட்டர், ஃபீனிக்ஸ்

கேட்டோ மேனர் கோயிலில் புனித வெள்ளியன்று நடக்கும் தீமிதியைக் கதையில் வைக்க எல்லோருக்கும் ஆசை. இரண்டாவது டேக் கிடையாது. அதனால் மேளச் சத்தத்தை இரண்டு டிராக்கில் பதியுங்கள், இரண்டாவது 10, 12 டெசிபல் குறைவாக. முதல் டிராக் சத்தம் தாங்காமல் கிழிந்தாலும் இரண்டாவது காப்பாற்றும். கூட்டத்தின் வெறும் இரைச்சலையும் ஒரு நிமிடம் தனியாக எடுங்கள், அது இல்லாமல் வெட்டுகளை மூட முடியாது. ட்ரோன் ஆசையை விடுங்கள். தொழிலுக்குப் பறக்கவிட உரிமம் பெற்ற ஆபரேட்டர் வேண்டும், ஆட்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளியும் நிற்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் அது நடக்காது.

கார்டை அழிக்கும் முன் இரண்டு டிரைவில் பிரதி இருக்க வேண்டும், அளவு மட்டும் பார்த்தால் போதாது, பிரதி மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று காட்டும் செக்சம் எண்ணையும் பார்க்க வேண்டும். முழுக்க நொடிக்கு 25 ஃபிரேமில் எடுங்கள். யாரோ ஒருவர் போனில் 30இல் எடுத்துக் கொடுத்த துண்டு, நடக்கும்போது திக்கும்.

புரொடக்‌ஷன் கணக்கு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மூன்று வேலையும் ஒருவரே செய்யும்போது அவர் அதிகம் இழப்பது காகிதத்தில். இங்குள்ள 1978 பதிப்புரிமைச் சட்டம் 21ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே படத்தின் உரிமை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால்தான் மாறும். ஆனால் ஸ்கிரிப்ட் தனி இலக்கியப் படைப்பு. நீங்கள் யாரிடமும் சம்பள வேலையில் இல்லாதபோது எழுதியது உங்களுடையது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை கை மாறாது. ஆகவே முதல் பிரதியிலேயே உங்கள் பெயரும் தேதியும் போடுங்கள். பிறகு உங்கள் சொந்தக் கம்பெனிக்கே அதை உரிமமாக எழுதிக் கொடுங்கள். ஒரு சேனல் ஒப்பந்தத்தில் 'அனைத்து அடிப்படைப் படைப்புகளும்' என்ற மூன்று சொல்லைக் கவனிக்காமல் கையெழுத்திட்ட ஒருவருக்கு இரண்டாம் சீசன் கைவிட்டுப் போனது. பாத்திரங்களும் அதோடு போயின.

அடுத்தது வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. கம்பெனி அதற்குப் பதிவு செய்திருந்தால் இன்வாய்ஸ் தேதியே கணக்கு, பணம் வந்த தேதி இல்லை. 115,000 ராண்டுக்கு இன்வாய்ஸ் அனுப்பினால் அதில் 15,000 வரி அலுவலகத்துக்கு. சேனல் தாமதித்தாலும் அந்தக் காலக்கெடுவில் கட்டியாக வேண்டும். தவணை மைல்கல் எட்டாமல் முன்கூட்டி இன்வாய்ஸ் அனுப்பாதீர்கள். முதல் தவணையிலிருந்தே வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். அதை எடுத்து விளக்கு வாடகை கொடுத்தவர்கள் எடிட்டிங் நடுவில் நின்றிருக்கிறார்கள்.

வசனம் எழுதுபவர், சாட்ஸ்வர்த்

அக்கா, கல்யாண வீட்டுக் காட்சியில் பின்னணியில் சினிமாப் பாட்டு ஒலித்தால்?

புரொடக்‌ஷன் கணக்கு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பத்து நொடியானாலும் இரண்டு அனுமதி: பாட்டின் உரிமைக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. ஒலிப்பதிவு பெரும்பாலும் இந்தியாவில் உள்ள லேபிளின் கையில் இருக்கும், பதில் வர வாரக்கணக்கில் ஆகும். இசையமைப்பாளர்களின் உரிமைத் தொகையை வசூலிக்கும் சாம்ரோவுக்கான கியூ ஷீட் வேறு வேலை. ஒவ்வொரு இசைத் துண்டின் பெயர், இசையமைப்பாளர், எத்தனை நொடி என்று அதில் நிரப்ப வேண்டும், ஆனால் அது அனுமதி ஆகாது. நம் ஊர் நாதஸ்வரக் குழுவை அரை நாள் கூப்பிட்டு, மரபு மங்கல இசையைப் புதிதாகப் பதிந்து, வாசித்தவர்களிடம் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாட்டுக்கு உதடு அசையும்படி மட்டும் யாரையும் எடுத்துவிடாதீர்கள், பிறகு மாற்ற வழியே இல்லை.