மன அழுத்த லீவு முடிந்து வந்தவரை ஸ்டோருக்கு மாற்றுவது அக்கறையா, தண்டனையா?

ராயக்கோட்டைப் பயணி:
ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். நிரந்தரத் தொழிலாளி. எங்கள் பிரிவில் இரண்டு பேர் விலகிப் போன பிறகு அந்த இடங்களுக்கு ஆள் போடவில்லை. மூன்று லைனையும் நானே பார்த்தேன். கஸ்டமரிடமிருந்து ரிஜெக்‌ஷன் திரும்பி வந்தால் காலை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். தூக்கம் போனது. கம்பெனி கேட்டைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். இ.எஸ்.ஐ. டாக்டர் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மனச்சோர்வும் பதற்றமும் என்று சொல்லி மாத்திரை கொடுத்து, சில வாரம் லீவும் எழுதித் தந்தார்கள்.

குணமாகி, ஃபிட்னஸ் சர்டிபிகேட்டோடு போனேன். அன்றைக்கே ஸ்கிராப் யார்டை ஒட்டிய ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். "உங்க நல்லதுக்குத்தான், அங்க டென்ஷன் இருக்காது" என்றார் மேனேஜர். எழுத்தில் ஒன்றும் இல்லை. எத்தனை நாளைக்கு என்றும் தெரியாது. அடிப்படைச் சம்பளம் குறையவில்லை, ஆனால் ஷிப்ட் அலவன்ஸ், ஓ.டி., லைன் இன்சென்டிவ் மூன்றும் நின்றுபோனது. ஷிப்டுக்கு ராயக்கோட்டை வரை கம்பெனி பஸ் உண்டு, ஜெனரல் ஷிப்டுக்கு இந்த ரூட்டில் கிடையாது. அப்ரைசலில் "வருகை திருப்தி இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். நான் மனநல மாத்திரை சாப்பிடுவது கேன்டீன் வரைக்கும் தெரிந்திருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

மத்திகிரி:
தம்பி, உங்கள் வலி புரிகிறது. நான் இதே சிப்காட்டில் புரொடக்‌ஷன் பக்கம் பல வருடமாக ஆள் மேய்க்கிறவன். எதிர்த்தரப்பில் இருந்து சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். அழுத்தத்தால் படுத்து எழுந்து வந்தவரை மறுபடியும் அதே மூன்று லைனில் நிறுத்தி, மறுபடியும் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், "தெரிந்தே ஏன் போட்டீர்கள்" என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள். சில மாத்திரைக்குத் தூக்கக் கலக்கம் வரும். அசதியில் ஒரு பார்ட்டைத் தவறாக பாஸ் செய்தால், அது ஒரு வண்டியின் பிரேக்கில் போய் உட்காரும். ஸ்டோருக்கு மாற்றியதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்த பையன்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

தளி ரோடு:
மத்திகிரி அண்ணா, அந்தப் பையன்கள் கூடுதலாகச் சுமந்ததற்குக் காரணம் இவரா? இரண்டு பேர் போன இடத்தைக் காலியாகவே வைத்திருந்த நிர்வாகமா? இவர் லீவு போவதற்கு முன்பே அந்தச் சுமை அங்கே இருந்தது. இவரை விழ வைத்ததே அதுதான்.

ஸ்டோர் வேலை கேவலம் என்று யாரும் சொல்லவில்லை. இவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? "மூன்று லைன் வேண்டாம், முதலில் ஒரு லைன் பாருங்கள், மாதக் கடைசியில் பேசுவோம்" என்று சொல்லியிருந்தால் அது அக்கறை. கேட்காமல், எழுதாமல், காலக்கெடு இல்லாமல், கையில் வருகிற பணத்தையும் குறைத்துவிட்டு, "உன் நல்லதுக்கு" என்றால் நான் நம்ப மாட்டேன். யூனியனில் இருந்த காலத்தில் இப்படி ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். தானாகவே போய்விடுவார்கள்.

காவேரிப்பட்டணம்:
நான் சின்ன பட்டறை வைத்திருப்பவன். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். இங்கே எல்லாரும் பெரிய கம்பெனியை மனதில் வைத்தே பேசுகிறீர்கள். எங்களிடம் ஒருவர் ஒரு மாதம் வராவிட்டால் அந்த மெஷின் நின்றுவிடும், வேறு ஆளைப் போட்டே ஆக வேண்டும். திரும்பி வந்ததும் புது ஆளை அனுப்பிவிட்டுப் பழைய இடத்தைக் கொடு என்றால், அந்தப் புது ஆளுக்கும் குடும்பம் இருக்கிறதே? அப்புறம் இன்னொன்று. ஸ்ட்ரெஸ் எல்லாம் நோயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னதாகப் படித்தேன்.

தர்மபுரி டவுன்:
நீங்கள் படித்தது பாதி. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐ.சி.டி.-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலுக்கு விளக்கம் தந்தபோது, 'பர்ன் அவுட்' (வேலையில் சோர்ந்து போவது) என்பது மருத்துவ நோய் அல்ல, பணி சார்ந்த நிகழ்வு என்றது. ஆனால் அது எதனால் வருகிறது என்றும் சேர்த்தே சொன்னது: சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தால். அதாவது காரணத்தை வேலை இடத்தில் தேடச் சொல்கிறது. அதோடு, ராயக்கோட்டை நண்பருக்கு டாக்டர் எழுதியது மனச்சோர்வும் பதற்றமும். இரண்டுமே நோய்கள்தான். இதே நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதலில், இப்படி லீவில் போனவருக்குச் சிகிச்சையோடு வேலையில் மாற்றத்தையும் சேர்த்தோ, சிகிச்சையை மட்டுமோ பரிசீலிக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. இரண்டு வழியிலும் சிகிச்சை உண்டு. வேலையை மாற்றுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை மேனேஜர் விட்டுவிட்டார்.

மத்திகிரி:
வழிகாட்டுதல் ஜெனீவாவில் இருக்கும். டெஸ்பாட்ச் டார்கெட் எனக்கு இங்கே இருக்கிறது. சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளத்தைத் தொடவில்லை, ஊர் மாற்றவில்லை, ஒரே காம்பவுண்டுக்குள் வேறு வேலை. இதில் எந்தச் சட்டம் மீறப்பட்டது? லீவுக் காலத்துக்கும் பணம் வாங்கியிருக்கிறார்.

தளி ரோடு:
லீவுக் காலத்துப் பணம் கம்பெனி கொடுத்தது அல்ல அண்ணா. இ.எஸ்.ஐ. கொடுத்தது, அதுவும் சம்பளத்தில் 70 சதவீதம். இவருடைய சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்கள். சும்மா வாங்கியது மாதிரி பேச வேண்டாம்.

1948 இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவில் இருந்ததைப் பாருங்கள். நோய்க்காலப் பலன் வாங்கும்போதும், நோய்க்காக மருத்துவச் சிகிச்சையில் இருக்கும்போதும் தொழிலாளியை நீக்கவோ, தரம் குறைக்கவோ, வேறு விதமாகத் தண்டிக்கவோ கூடாது என்றது. இவர் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார், சிகிச்சை தொடர்கிறது. அப்புறம், அலவன்ஸ் குறைகிற மாதிரி சேவை நிபந்தனையை மாற்றினால் முன்கூட்டியே 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுகள் தொகுப்பிலும் இருக்கிறது.

தர்மபுரி டவுன்:
தளி ரோடு சொல்வதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். "சிகிச்சையில் இருக்கிறார்" என்று வாதாடினால், "அப்படியானால் ஃபிட்னஸ் எப்படி?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஸ்டோருக்கு மாற்றியது தண்டனையா, நிர்வாக முடிவா என்பதும் சண்டைக்குரியதுதான். தீய நோக்கத்தோடு இடமாற்றம் செய்வது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று பழைய 1947 சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இருந்தது, 2020 தொழில் உறவுகள் தொகுப்பின் இரண்டாம் அட்டவணையிலும் இருக்கிறது. ஆனால் ஒரே காம்பவுண்டுக்குள் நடந்த மாற்றம் அதில் வருமா என்பது மத்திகிரி எழுப்பிய நியாயமான கேள்வி.

உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் நல்ல தீர்ப்பு ஒன்று தந்தது. அவர் சி.ஆர்.பி.எஃப். அதிகாரி. மனநலக் குறைபாடு உள்ளவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையைப் பாகுபாடு என்றது நீதிமன்றம். படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஊனமடைந்த ஊழியரைத் தரம் குறைக்கக் கூடாது என்ற 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20-ஆவது பிரிவு அரசு நிறுவனங்களுக்கானது. தனியார் கம்பெனியில், சில வாரங்களில் குணமான ஒருவருக்கு அது நேராகக் கை கொடுக்காது. இந்த ஓட்டை எனக்குக் கோபம் தருகிறது. கால் உடைந்து திரும்பியவரைப் பற்றி கேன்டீனில் கிசுகிசுக்க மாட்டார்கள், அப்ரைசலில் வருகையைக் குறை சொல்லவும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

பாலக்கோடு அக்கா:
எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள், கேன்டீன் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. நான் கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். குழந்தை பிறந்த பிறகு மனசு சரியில்லாமல் சிகிச்சை எடுத்து வந்தேன். வேலையை மாற்றவே இல்லை. ஆனால் நான் ஒரு பெண்ணைச் சத்தமாகத் திட்டினால் போதும், "மாத்திரை போடலையா" என்று பார்வையாலேயே கேட்பார்கள். மற்ற சூப்பர்வைசர்கள் கத்தினால் அது வேலை, நான் கத்தினால் அது வியாதி. சம்பளம் குறைந்தால் கணக்குக் காட்டலாம், இதை எந்த ஆபீசில் போய்க் காட்டுவது? தம்பி, உங்கள் மெடிக்கல் பேப்பரை யார் பார்த்தார்கள், யார் வெளியே சொன்னார்கள் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேளுங்கள்.

பர்கூர் கான்ட்ராக்ட்:
நிரந்தரத் தொழிலாளிக்கே இந்தக் கதி. எங்களுக்கு ஒரு வாரம் வராவிட்டால் கேட் பாஸே வேலை செய்யாது. ஸ்டோர்கூடக் கிடைக்காது.

மத்திகிரி:
பாலக்கோடு அம்மா சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். மெடிக்கல் விஷயத்தை வெளியே சொன்னவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அப்ரைசலில் அங்கீகரிக்கப்பட்ட லீவை எழுதியதும் தப்பு. ஆனால் வேலை மாற்றத்தில் என் நிலை அப்படியேதான். எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றால் சரி. "மேனேஜர் தண்டிக்கத்தான் செய்தார்" என்று முடிவு கட்டாதீர்கள். எங்களுக்கும் யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. காய்ச்சல், ஆக்சிடென்ட் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இதற்கு பயத்தில் முடிவெடுக்கிறோம்.

தளி ரோடு:
பயம் உங்களுக்கு, நஷ்டம் அவருக்கா அண்ணா? பயந்தால் அவரிடமும் அவர் டாக்டரிடமும் கேட்க வேண்டியதுதானே. தொழிலாளியின் சம்மதத்தோடு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினால் நைட் ஷிப்ட் கூடாதா, எத்தனை லைன் பார்க்கலாம், எப்போது முழு வேலை என்று எல்லாம் தெளிவாகிவிடும். உங்களுக்கும் பாதுகாப்பு.

ராயக்கோட்டைப் பயணி:
எல்லாருக்கும் நன்றி. மத்திகிரி சார், நீங்கள் பேசியதும் எனக்கு உதவியாகத்தான் இருந்தது. எங்கள் மேனேஜர் என்ன சொல்வார் என்று இப்போது தெரிகிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தூக்கக் கலக்கம் தரும் மாத்திரையை டாக்டர் லீவிலேயே நிறுத்திவிட்டார். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

லெட்டர் எழுதுகிறேன். எந்த உத்தரவின்படி, எத்தனை நாளைக்கு ஸ்டோர், நின்றுபோன அலவன்ஸ், அப்ரைசலில் அந்த வரி, மெடிக்கல் பேப்பர் வெளியே போனது. இவற்றைக் கேட்கப் போகிறேன். ஒரு லைனில் இருந்து படிப்படியாகத் தொடங்கத் தயார் என்றும் எழுதுகிறேன்.

தர்மபுரி டவுன்:
இரண்டு காப்பி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். லீவுக்கு முந்தைய, பிந்தைய சம்பள ரசீதுகளை இணையுங்கள். பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்த தொகுப்புச் சட்டங்களில் பிரிவு எண்கள் மாறியிருக்கும், சரிபார்க்காமல் எண் எழுத வேண்டாம். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம்.

பாலக்கோடு அக்கா:
ராத்திரியில் தூக்கம் வராமல் மனசு கனமாக இருந்தால் 14416-க்குப் போன் பண்ணுங்கள் தம்பி. டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. லெட்டர் கொடுக்கிற வாரத்தில் தேவைப்படலாம்.

மத்திகிரி:
லெட்டரை மேனேஜருக்கும் நேரில் கொடுங்கள், எச்.ஆருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். தெரியாமல் மேலே போய்விட்டது என்று நினைத்தால் என் மாதிரி ஆட்கள் முறுக்கிக்கொள்வார்கள். ஒரு லைன் என்று நீங்களே எழுதுவது நல்லது. அதை மறுக்க எனக்கே காரணம் கிடைக்காது.