நோட்டுக் கணக்கிலிருந்து எக்ஸெலுக்கு மாறினவங்க அனுபவம் சொல்லுங்க

ஈரோடு, மசாலாப் பொடி வியாபாரம்:
வீட்டிலேயே பொடி அரைச்சு சுத்துவட்டார மளிகைக் கடைகளுக்குப் போடுறேன். மாமனார் காலத்து நோட்டுல கடைக்கு ஒரு பக்கம். எக்ஸெல்லயும் கடைக்கு ஒரு ஷீட் போடலாம்னு வீட்டுக்காரர் சொன்னார், நான் ஒத்துக்கல. எல்லாக் கடையும் ஒரே ஷீட், ஒரு பில்லுக்கு ஒரு வரி: தேதி, பில் நம்பர், கடை, சரக்கு, தொகை, ஜிஎஸ்டி தனியா, ரொக்கமா யுபிஐயா பாக்கியா. ஃபில்டர் போட்டா ஒரு கடையோட பாக்கி மட்டும் வந்து நிக்குது. ஜிஎஸ்டியைத் தொகையோட சேர்த்தே எழுதினா அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதும் நம்ம விற்பனை மாதிரி தெரியும், அதனாலதான் தனியா.

படுத்தினது நம்பர்தான். மஞ்சளுக்கு ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டியில சரக்கைக் குறிக்கிற நம்பர்) 0910. அடிச்சு எண்டர் தட்டினா முன்னாடி இருக்கிற சைபரை முழுங்கிட்டு 910னு நிக்குது. யுபிஐ ரெஃபரன்ஸ் 12 இலக்கம்; அது நடுவுல ஒரு ஆங்கில எழுத்தோட சுருங்கிடுது. அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட்னு மாத்தி வச்சா இரண்டும் அப்படியே நிக்கும்.

விருதுநகர், ஹார்டுவேர் கடை:
அக்கா சொல்ற ஒரே ஷீட் முறைதான் இங்கயும். ஆனா பேரு விஷயத்துல உஷாரா இருங்க. காலைல நான் ‘முருகன் ஸ்டோர்’னு அடிப்பேன், சாயங்காலம் கடைப் பையன் ‘முருகன் ஸ்டோர்ஸ்’னு அடிப்பான். நமக்கு ஒரே ஆளு, எக்ஸெலுக்கு இரண்டு பேரு. பாக்கி பாதி அங்க, பாதி இங்க. பேருக்குப் பின்னாடி தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் இதே கதைதான், கண்ணுக்கும் தெரியாது. டேட்டா வேலிடேஷன்ல லிஸ்ட் போட்டாச்சு, இப்ப எல்லாரும் அதுல இருந்து தேர்ந்தெடுக்கிறதுதான்.

கூட்டுத்தொகையை அடியில போடுறதும் நோட்டுப் பழக்கம். மறுநாள் அதுக்குக் கீழ எழுதினா சேராது. மேல முதல் வரியில போட்டு, கீழே நகர்த்தினாலும் அந்த வரி அங்கேயே நிக்கிற மாதிரி ஃப்ரீஸ் பண்ணிடுங்க.

சென்னை, சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுறவர்:
தேதியை யாரும் சொல்லலையே! ஒரு அச்சகத்துல ஏப்ரல் விற்பனை வழக்கத்துல பாதிகூட வரல. ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கை அரசாங்கத்துக்குக் காட்டுற படிவம்) போட 11ஆம் தேதி கெடு, ஓனர் வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டார். லேப்டாப் அமெரிக்கத் தேதி முறையில இருந்திருக்கு. 05/04னு அடிச்சதை மே 4ன்னு எடுத்துக்கிச்சு. 25/04 வந்தா 25ஆவது மாசம் ஏதுன்னு, தேதியே இல்லை வெறும் எழுத்துன்னு விட்டுருச்சு. கண்டுபிடிக்க சுலபமான வழி: கட்டத்துல வலது ஓரமா நின்னா எக்ஸெல் அதைத் தேதின்னு ஏத்துக்கிச்சு, இடது ஓரமா ஒட்டிக்கிட்டு இருந்தா வெறும் எழுத்து. ஆனா 05/04 மாதிரி மாறிப் போனதும் சமர்த்தா வலது பக்கம்தான் நிக்கும். அதனால ரீஜியன் செட்டிங்கை முதல்ல இந்தியான்னு மாத்துங்க, தேதியை மாசப் பேரோட காட்டச் சொல்லுங்க. 05-ஏப்ரல்னு கண்ணால பார்த்தா சந்தேகமே வராது.

இன்னொண்ணு, பேரை அகர வரிசைப்படி அடுக்கும்போது (Sort) பேரு இருக்கிற நெடுவரிசையை மட்டும் செலக்ட் பண்ணாதீங்க. பேரு இடம் மாறும், தொகை நின்ன இடத்துலயே நிக்கும். அப்புறம் யார் பாக்கி யார் தலையில விழும்னு ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மதுரை, டிபன் கடை:
காலைக் கூட்டத்துல லேப்டாப்பா? சிட்டையில கிறுக்கி வச்சு ராத்திரி ஏத்துறதுதான் எங்களுக்குத் தோது. ஏத்தின கையோட கல்லாவை எண்ணி ஷீட்ல வர்ற ரொக்கத்தோட ஒப்பிடுவோம். இடிக்குதுன்னா பெரும்பாலும் யாரோ திருடினது இல்லைங்க, நானே பெட்ரோலுக்கும் பிள்ளை டியூஷனுக்கும் எடுத்ததுதான். அதுக்குன்னு ‘எடுப்பு’ன்னு ஒரு தலைப்பு போட்டேன். மாசக் கடைசியில அந்தத் தொகையைப் பார்த்துட்டு வீட்டம்மா பாஸ்வேர்டை மாத்திட்டாங்க.